உட்கார ஓர் இடம்

தேனி மாவட்டத்தில் எங்கள் சின்னமனூர்க் கடைவீதியில் எந்தப் பேக்கரிக்குப் போனாலும் அதற்கு இரண்டு பாகம் இருக்கும். முன்பக்கம் டீ பாய்லர், பஜ்ஜித் தட்டு, நின்றபடியே குடிக்கிற ஆண்கள். கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி உள்ளே போனால் ஃபேனுக்குக் கீழே இரண்டு மூன்று மேசைகள். கல்லூரிப் பஸ்கள் திரும்பும் நாலு, நாலரை மணிக்கு அந்த உள்மேசையில் சில நாள் ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு ரோஸ்மில்க், நடுவில் ஒரு பப்ஸ். பையை மேசைமேல் வைக்கமாட்டார்கள், மடியிலேயே இருக்கும். பேச்சு ஒருவருக்கொருவர் நடந்தாலும் கண் வாசலில் இருக்கும். கிளாஸ் காலியானால் எழுந்துவிட வேண்டும். யாரும் எழுப்புவதில்லை. அவர்களாகவே எழுந்துவிடுவார்கள்.

நண்பர்களையும் காதலையும் வைத்து எடுக்கப்படும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மேசைதான். ஏனென்றால் இந்த வகைத் தொடர்களில் உலகமே அறிந்த ஒன்று, ஒரு சோபாவை நடுவில் வைத்துத்தான் எழுதப்பட்டது. டேவிட் கிரேனும் மார்த்தா காஃப்மனும் உருவாக்கிய 'ஃப்ரெண்ட்ஸ்' 1994 செப்டம்பர் 22 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 2004 மே 6 வரை 236 பகுதிகள் ஓடியது. மூன்று ஆண்கள், மூன்று பெண்கள், ஒரு காபிக்கடை, அதன் நடுவில் ஆரஞ்சு நிறச் சோபா. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. விடுதி அறையில், பென்டிரைவில் கைமாறி வந்த கோப்பாக, ஒரு மடிக்கணினியைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்து பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அதைவிட ஓர் ஏக்கம் வந்தது: பத்து வருடமும் அந்த ஆறு பேரை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. காபி தீர்ந்த பிறகும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

'ஃப்ரெண்ட்ஸ்' தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே, 1993இல், யிவெட் லீ பௌசர் புரூக்ளினில் வாழும் கறுப்பின நண்பர்களை வைத்து 'லிவிங் சிங்கிள்' எழுதத் தொடங்கியிருந்தார். 2000இல் பிரிட்டனில் 'கப்ளிங்' வந்தது. 2005இல் வந்த 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரில் சோபாவுக்குப் பதில் மதுக்கூடத்து மூலை இருக்கை. ஊரும் ஆட்களும் மாறினாலும் இருக்கை மாறவில்லை. பெற்றோர் வீட்டை விட்டு வந்தாயிற்று, சொந்தக் குடும்பம் இன்னும் தொடங்கவில்லை என்ற இடைக்காலத்தில் பிறக்கும் கதைகள் இவை. அந்த இடைக்காலத்துக்கு நகரம் ஒரு வாடகை அறையையும் ஒரு சாவியையும் கொடுக்கிறது. இந்த வகைத் தொடரின் உயிர் காதல் பற்றிய துணிச்சலான பேச்சில் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்கும் கணக்குச் சொல்லாமல் ஆணும் பெண்ணும் உட்கார ஓர் இடம் வேண்டும். அது இருந்தால் பேச்சு தானாக வரும். தமிழ்த் திரையும் சின்னத்திரையும் நாற்பது வருடங்களாக அந்த இடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன.

இந்தத் தேடல் தமிழுக்குப் புதிதும் அல்ல. அகப்பொருள் இலக்கணம் காதலுக்கு முதலில் வகுத்துக் கொடுத்தது இடத்தைத்தான். தொல்காப்பியம் களவுக் காலத்துச் சந்திப்பை இரண்டாகப் பிரிக்கிறது. பகற்குறி வீட்டு எல்லைக்கு வெளியே நிகழ்வது: தினைப்புனம், சோலை, ஆற்றங்கரை. இரவுக்குறி வீட்டு எல்லைக்குள்ளேயே, வீட்டார் பேசுவது காதில் விழும் தூரத்தில் நிகழ்வது. இந்த இரண்டாவது இலக்கணத்தின் நுட்பத்தை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். கூரைக்குக் கீழே அம்மாவின் குரல் கேட்கும்போதே அவளுக்குத் தெரியாமல் நடக்கும் சந்திப்பு அது. இவற்றோடு தோழி இருக்கிறாள், தலைவனுக்குப் பாங்கன் இருக்கிறான். சேதி கொண்டுபோவது, கேலி செய்வது, கண்டிப்பது, இருவரையும் சேர்த்துவைப்பது எல்லாம் இவர்கள் வேலை. ஊர் வாய் பேசத் தொடங்கினால் அம்பல், அது உரத்துப் பரவினால் அலர், அதன்பின் பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் இற்செறிப்பு. அகப்பாடல்களில் யாருக்கும் இயற்பெயர் கூடாது என்பதும் விதி. நண்பர்கள் கூடி ஒரு காதலை நடத்திக் கொடுக்கும் கதைக்கு வேண்டிய உறுப்புகள் அத்தனையும் அங்கே இருக்கின்றன. மேகமலைக்கு ஏறும் சாலை சின்னமனூரில் இருந்துதான் பிரிகிறது. அந்தச் சரிவுகளில் இன்று தேயிலை நிற்கிறது, தினை இல்லை. ஆனால் பகற்குறி எது என்ற கேள்வி அடிவாரத்து ஊரில் தினமும் நாலு மணிக்கு எழுகிறது.

சினிமா இதற்கு என்ன விடை சொன்னது? இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். 1981இல் ராபர்ட்–ராஜசேகரன் இயக்கிய 'பாலைவனச் சோலை'. வேலை இல்லாத ஐந்து இளைஞர்கள், அவர்கள் தெருவுக்குக் குடிவரும் ஒரு பெண். சுஹாசினி நடித்த அந்தப் பெண் அவர்களோடு நின்று பேசுகிறாள், சிரிக்கிறாள், அவர்களைத் திருத்துகிறாள். அவர்கள் கூடும் இடம் தெருமுனை. கூரை கிடையாது. தெருவில் நின்று பேசுவதால் எல்லாரும் பார்க்கிறார்கள். பார்ப்பதாலேயே அந்தப் பேச்சுக்கு அனுமதி கிடைக்கிறது. அவர்களில் ஒருவனுக்கு அவள்மேல் காதல் வருகிறது. கதை அந்தக் காதலைத் தாங்காமல், இதயநோயில் அவளை இறக்கவிடுகிறது. படம் பார்த்து அழாதவர்கள் குறைவு. ஆனால் அந்த மரணம் இல்லாவிட்டால் அடுத்த நாள் அவர்கள் எங்கே உட்கார்ந்து என்ன பேசியிருப்பார்கள் என்பதற்குப் படத்திடம் விடை இல்லை.

1990இல் விக்ரமனின் முதல் படம் 'புது வசந்தம்' கூரையையும் கொடுத்துவிட்டது. பாட்டுக் கனவோடு நகரத்தில் பிழைக்கும் நான்கு இளைஞர்களின் இருப்பிடத்தில், காதலனைத் தேடி வந்து நிர்க்கதியான ஒரு பெண் தங்குகிறாள். ஒரே கூரை, நான்கு ஆண்கள், ஒரு பெண். அன்றைக்கு அது பெரிய துணிவு. ஆனால் படத்தின் கடைசிப் பகுதி முழுவதும் ஒரு விசாரணை. திரும்பி வந்த காதலன் அவளைச் சந்தேகிக்கிறான். அவள் அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு நிற்கிறாள். தேனிப் பக்கத்துக் கொட்டகைகளில் அந்த இடத்தில் கைதட்டல் எழுந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்தக் கைதட்டலை நான் மதிக்கிறேன். அதன் நிபந்தனையும் எனக்குத் தெரிகிறது. ஆணும் பெண்ணும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கலாம், அவர்களுக்குள் காதல் இல்லை என்று நிரூபித்தால். நட்பு என்ற சொல் அங்கே ஒரு நன்னடத்தைச் சான்றிதழாகிவிட்டது.

தொலைக்காட்சிக்கு இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. கொட்டகைக்கு நண்பர்களோடு போகலாம். தொலைக்காட்சிப் பெட்டி வீட்டு நடுக்கூடத்தில், அப்பா தாத்தா எல்லாருக்கும் நடுவில் இருக்கிறது. கொடைக்கானல் மலைமேல் இருந்த தூர்தர்ஷன் கோபுரம் இந்தப் பக்கத்துக்குப் படம் அனுப்பிய காலத்தில், ஆன்டெனாவைத் திருப்ப ஒரு பையன் மாடியில் நிற்பான், 'வருதா, வருதா' என்ற அவன் குரலுக்குத் தெருவே பதில் சொல்லும். பெட்டி உள்ள வீட்டில் பெட்டி இல்லாத மூன்று வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவே இரண்டு பேர் காதலைப் பற்றிப் பேசினால், யாராவது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

அதனால் தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவை முதலில் கல்யாணத்துக்குப் பிறகுதான் காதலைத் தொட்டது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கி, 1998இல் ராஜ் டிவியில் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி' அதற்கு நல்ல சாட்சி. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. ஊடல், பொய், சந்தேகம், சமாதானம் என்று நவீன உறவின் எல்லாச் சிடுக்குகளும் அதில் இருந்தன. தாலி இருந்ததால் நடுக்கூடம் அதைச் சிரித்து ஏற்றுக்கொண்டது. 2001இல் வந்த இரண்டாம் பாகமும் அப்படியே. எழுத்தின் கூர்மையில் அந்தத் தொடருக்கு இணையாகத் தமிழில் பிறகு வந்தவை மிகக் குறைவு என்பது என் மதிப்பீடு. சிரிப்பொலிக்காக எழுதாமல், இரண்டு மனிதர்கள் ஒரு சின்ன வீட்டில் எப்படி இடித்துக்கொள்வார்கள் என்று கவனித்து எழுதப்பட்ட தொடர் அது.

2006ஆம் ஆண்டு இரண்டு விஷயங்கள் அருகருகே நடந்தன. அந்தச் செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அதே ஆண்டு விஜய் டிவியில் 'கனா காணும் காலங்கள்' தொடங்கியது. பெட்டி இல்லாத மூன்று வீட்டார் என்ற கூட்டம் கலைந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளை, அம்மா அடுப்படியில் இருக்கும் அரைமணி நேரம், தன் வயதுக்காரர்களைத் தன் வீட்டிலேயே பார்க்க முடிந்தது. ஒரு வகுப்பறை, கடைசி பெஞ்ச், ஒரு கும்பல், அதில் யாருக்கு யார்மேல் என்ற ஓயாத கேள்வி. நம் ஊரில் அதற்குமுன் சின்னத்திரையில் பதினாறு வயதுக்கு முகம் இருந்ததில்லை. அந்தத் தொடரின் ஒவ்வொரு பகுதியும் மறுநாள் காலை டவுன்பஸ்ஸில் இன்னொரு முறை நடந்தது. யார் யாருக்குச் செட், யார் ஒன் சைடு, யார் யாரிடம் லவ் சொன்னது எல்லாம் பள்ளிக்கூடம் வரும்வரை பேசித் தீர்க்கப்பட்டன.

அந்தத் தொடர் கண்டுபிடித்த பகற்குறி வகுப்பறை. பிறகு அது கல்லூரிக்குப் போனது. 2013இல் அதே தொலைக்காட்சியில் வந்த 'ஆபீஸ்' தொடரில் கணினி நிறுவனம் பகற்குறியானது. பள்ளி, கல்லூரி, அலுவலகம்: இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று விளங்கும். ஆணும் பெண்ணும் அங்கே இருப்பதற்கு முன்கூட்டியே ஒரு காரணம் இருக்கிறது. 'அவகிட்ட என்ன பேச்சு?' என்று கேட்டால் 'ரெக்கார்டு நோட்டு கேட்டேன்' என்று சொல்லலாம். 'ப்ராஜெக்ட் வேலை' என்று சொல்லலாம். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் ஆறு பேரும் ஏன் கூடியிருக்கிறார்கள் என்று எந்தப் பகுதியிலும் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்த் தொடரில் ஒவ்வொரு உரையாடலும் தன் சட்டைப்பையில் ஒரு காரணத்தை வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் எழுத்தாளர்கள் பார்த்த வாழ்க்கை அப்படி. ஒரு நோட்டை இரவல் வாங்குவதற்குள் ஒரு காதலையே எழுதிவிடும் நுணுக்கம் அதனால் நமக்கு வாய்த்தது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அட்டை போட்டுக் கொடுத்தானா, உள்ளே பேனா மூடி இருந்ததா என்பதெல்லாம் நம்மிடம் காட்சியாகும்.

இங்கே சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டேட்டிங் என்ற சொல் எங்கள் ஊரில் தொலைக்காட்சிக்கு வெளியே அதிகம் புழங்குவதில்லை. 'ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்க' என்பார்கள். கொஞ்சம் முற்றினால் 'பழகுறாங்க'. பெரியவர்கள் சம்பந்தம் முடிவுசெய்தாலும் 'பேசி முடிச்சாச்சு' என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகள் பேசுவதும் பெரியவர்கள் பேசுவதும் ஒரே வினைச்சொல். யார் முதலில் பேசி முடிக்கிறார்கள் என்பதில்தான் ஒரு வீட்டின் அத்தனை சண்டையும் இருக்கிறது. பழகு என்ற சொல்லோ இன்னும் ஆழமானது. சைக்கிள் பழகுகிறோம், நீச்சல் பழகுகிறோம், மனிதரோடும் பழகுகிறோம். விழுந்து எழுந்து கற்பது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. அதோடு பெஸ்டி, கமிட்டட், ப்ரேக்கப் என்று வந்து சேர்ந்தவையும் இன்று ஊர்ச் சொற்களாகிவிட்டன. பெஸ்டி என்ற சொல் எனக்குப் பிடிக்கும். காதல் என்று சொல்ல முடியாததையும், நட்பு மட்டும்தான் என்று சத்தியம் செய்ய விருப்பமில்லாததையும் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். 'புது வசந்தம்' காலத்தில் அப்படி ஒரு சொல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு விசாரணை நடந்திருக்காது.

காரணம் தேவைப்படாத நண்பர் கூட்டம் தமிழில் வர 2017 ஆனது. பாலாஜி மோகன் ஹாட்ஸ்டாருக்காகப் பத்துப் பகுதிகளில் எடுத்த தொடர், 'அஸ் ஐ'ம் சஃபரிங் ஃப்ரம் காதல்'. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் மனப்பாடம் செய்த யாருக்கும் அந்தத் தலைப்பு புரியும்: காய்ச்சல் என்று எழுத வேண்டிய இடத்தில் காதல். தலைப்பு விளையாட்டாக வைக்கப்பட்டிருக்கலாம், ஆனால் அது தமிழின் மிகப் பழைய நரம்பு ஒன்றைத் தொடுகிறது. வள்ளுவரின் காமத்துப்பாலில் காதல் நோய்தான். அகப்பாடல்களில் அது பசலையாக மேனியில் தெரிகிறது. இளம் இயக்குநர் பள்ளிக்கூடத்து ஆங்கில வாக்கியத்தின் வழியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். 'காதலில் சொதப்புவது எப்படி' என்ற குறும்படத்தை இணையத்தில் ஓடவிட்டு, 2012இல் அதையே முழுநீளப் படமாக்கியவர் அவர். காதல் என்பது மரணத்துக்கும் தியாகத்துக்கும் நடுவில் தொங்குவதல்ல, சொதப்பித் திருத்திக்கொள்ளக்கூடியது என்பதை அவர் விடாமல் சொல்லி வந்திருக்கிறார். இந்தத் தொடரில் மணமானவர்கள் இருக்கிறார்கள், மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள், மணமுறிவு பெற்றவர் இருக்கிறார். சென்னையில் அவர்களுக்கு அறை இருக்கிறது, சாவி இருக்கிறது. சின்னமனூரிலிருந்து பார்க்கும்போது அந்த வீடுகளின் கதவுகளைத்தான் அதிகம் கவனித்தேன். உள்ளிருந்து தாழிடும் கதவுகள். அதைக் காட்ட நடுக்கூடத்துப் பெட்டி போதவில்லை, கைக்குள் அடங்கும் திரை வர வேண்டியிருந்தது.

2023 மே 18 அன்று அமேசான் பிரைமில் வந்த 'மாடர்ன் லவ் சென்னை' கம்பம் பள்ளத்தாக்குக்காரனாக என்னை வேறு விதத்தில் அசைத்தது. நகைச்சுவைத் தொடர் அல்ல அது, ஆறு தனிக்கதைகள். அவற்றில் ஒன்றான 'பறவைக் கூட்டில் வாழும் மான்கள்' கதையை இயக்கியவர் அல்லிநகரத்துப் பாரதிராஜா. இசை பண்ணைப்புரத்து இளையராஜா. அல்லிநகரம் தேனியை ஒட்டி இருக்கிறது. பண்ணைப்புரம் எங்கள் உத்தமபாளையம் தாலுகாவிலேயே இருக்கிறது. இருவரும் சேர்ந்து 1978இல் 'கிழக்கே போகும் ரயில்' தந்தார்கள். அதில் பிரிந்துபோன காதலனின் சேதி ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதப்பட்டு வரும். ஊரில் அவள் அதைப் படிப்பாள். ஊர் முழுக்கப் பார்க்க ஓடும் ஒரு ரயிலைத் தனிக் கடிதமாக்கிய கற்பனை அது. நாற்பத்தைந்து வருடம் கழித்து அதே இயக்குநரின் கதையில் காதல் சென்னை மெட்ரோ ரயிலுக்குள் நிகழ்கிறது. ஏற்கெனவே மணமான ஒருவர் அங்கே ஒரு பெண்ணைக் காதலிக்கிறார். மனைவி அழுது தீர்க்காமல், அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச் சொல்லி உட்காரவைத்துப் பேசுகிறாள். ரயிலின் வெளிப்புறத்தில் எழுதப்பட்ட காதல் ரயிலுக்குள் ஏறி எதிர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டது. கிராமத்துக் காதலின் கலைஞர் என்று முத்திரை குத்தப்பட்டவர், எண்பது வயதை ஒட்டி, நகரத்து உறவின் அவிழாத முடிச்சை இத்தனை அமைதியாகக் கையாண்டதைப் பற்றி நம் விமர்சகர்கள் போதுமான அளவு பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ரயில் என்றதும் எங்கள் ரயிலைச் சொல்லாமல் போக முடியாது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் வந்த மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. தேனிவரை மீண்டும் ஓட 2022 மே ஆயிற்று, போடிக்கு 2023 ஜூன். இடையில் பதினோரு வருடத்துக்கும் மேல் மாவட்டத்துக்கே ரயில் கிடையாது. அந்த மெதுரயிலில் மதுரைக் கல்லூரிகளுக்குப் போய்வந்தவர்கள், இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஆண்டிப்பட்டிக் கணவாயை ரயில் திணறி ஏறும் நேரத்தைச் சொல்லும்போது முகம் மாறும். எதிரெதிர் மரப்பலகையில் உட்கார்ந்து வருவதற்கு டிக்கெட்டே போதுமான காரணமாக இருந்தது. சின்னமனூருக்கு அதுவும் வாய்த்ததில்லை. இங்கே என்றைக்கும் பஸ்தான். கல்லூரிப் பஸ்ஸில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள் என்று நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின்மேல் நடந்துபோகும் கண்டக்டரைத் தவிர வேறு யாரும் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லை.

பிறகு கைபேசி வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கி, சில மாதங்கள் இலவசமாக டேட்டா கொடுத்ததும், சின்னமனூர்ப் பிள்ளைகளுக்கு அதுவரை இல்லாத ஒன்று கிடைத்தது. அதைச் சுதந்திரம் என்று சொல்வது எளிது. தொல்காப்பியரின் சொல் இன்னும் பொருத்தம்: இரவுக்குறி. இரவு பதினொரு மணிக்கு, போர்வைக்குள், ஒரு காதில் மட்டும் ஹெட்செட். மற்றக் காது திறந்திருக்கும். அடுத்த அறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்க வேண்டும். வீட்டு எல்லைக்குள், வீட்டார் குரல் காதில் விழும் தூரத்தில். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் இலக்கண ஆசிரியர் அளந்து வைத்த தூரம் அப்படியே இருக்கிறது. அந்தத் திரையில் அவர்கள் தங்களுக்குள் பேசுகிறார்கள், மற்றவர்கள் பேசுவதையும் பார்க்கிறார்கள். தமிழ்க் குரல் கொடுக்கப்பட்ட கொரியத் தொடர்கள் ஓடுகின்றன. 'கனா காணும் காலங்கள்' 2022 ஏப்ரலில் ஹாட்ஸ்டாரில் புதிதாகப் பிறந்தது. 2024 மார்ச்சில் அதே தளத்தில் 'ஹார்ட் பீட்' வந்தது; ஒரு மருத்துவமனை, அதில் பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர்கள், அவர்களுக்குள் நட்பும் காதலும்.

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்தேன். தனித்திரை வந்துவிட்டது, நடுக்கூடத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பெருவாரியாகப் பார்க்கப்பட்ட தொடர்கள் மறுபடி பள்ளிக்கும் மருத்துவமனைக்கும்தான் போயின. அறையும் சாவியும் உள்ள சென்னை நண்பர்கள் ஒரு சிறு வட்டத்தோடு நின்றார்கள். பார்ப்பவர்கள் பழமைவாதிகள் என்பதால் இப்படி என்று எனக்குப் படவில்லை. நோட்டு, ரெக்கார்டு, டியூட்டி என்று ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவதுதான் அவர்கள் அறிந்த காதல் மொழி. அந்த மொழியில் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். தாழிட்ட கதவுக்குப் பின்னால் நடப்பதை வேடிக்கை பார்க்க முடிந்தது. அங்கே தன்னை வைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லக் கை கூசுகிறது. நகைச்சுவைக்குத் தோல்வி மலிவாக இருக்க வேண்டும். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் ஒரு காதல் முறிந்தால் அடுத்த வாரம் அதே சோபாவில் அதைச் சொல்லிச் சிரிக்கலாம். 2016 மார்ச் 13 அன்று, எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளம் தம்பதி பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டப்பட்டார்கள். அவன் இறந்தான், அவள் பிழைத்தாள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை இதே நடுக்கூடத்துப் பெட்டிகள் காட்டின. இரண்டு பேர் விருப்பப்பட்டுச் சேர்வதில் குறுக்கிட எந்தச் சாதிக் கூட்டத்துக்கும் உரிமை இல்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, தடுப்பு நடவடிக்கைகளையும் வகுத்துக் கொடுத்தது. அகப்பாடலில் இயற்பெயர் கூடாது என்ற விதியைப் போலவே, நம் நண்பர் தொடர்களிலும் யாருக்கும் சாதி கிடையாது. ஆனால் பேக்கரியின் உள்மேசையில் கண்ணை வாசலில் வைத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு அது மறப்பதில்லை. அவள் வாசலைப் பார்ப்பது வெட்கத்தால் மட்டும் என்று எந்த எழுத்தாளராவது நினைத்தால், அவர் அவளைப் பற்றி எழுத இன்னும் தயாராகவில்லை.

தொடர்கள் எட்டிக்கூடப் பார்க்காத பகற்குறி ஒன்றும் இங்கே இருக்கிறது. விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகள் கிளம்பும். தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் பெண்கள், இடையிடையே இளவட்டங்கள், நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறும் வளைவுகளில் நடக்கும் கேலியும் கிண்டலும், 'ஏன்டி, நேத்து அவன் என்னமோ சொன்னானாம்ல' என்ற சீண்டலும், எந்த எழுத்தறையிலும் உட்கார்ந்து எழுத முடியாத தரத்தில் இருக்கும். அந்த ஜீப்பில் தோழி இருக்கிறாள், பாங்கன் இருக்கிறான், அலர் இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணம், மாறாத ஆட்கள், தினமும் விட்ட இடத்திலிருந்து தொடரும் பேச்சு: ஒரு தொடருக்கு வேறென்ன வேண்டும்? கல்லூரிக்கும் கணினி நிறுவனத்துக்கும் போகாதவர்களுக்கும் காதல் வரும், சொதப்பும், அதைச் சொல்லிச் சிரிக்க நண்பர்கள் இருப்பார்கள் என்பதை நம் சின்னத்திரை இன்னும் நம்பத் தொடங்கவில்லை.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாள். அந்த எட்டு நாளும் பள்ளத்தாக்கே ஆற்றங்கரையில் இருக்கும். தீச்சட்டிக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் யார் யாரோடு நின்றார்கள் என்று கணக்கெடுக்க முடியாத கூட்டம். வருடத்துக்கு எட்டு நாள். மீதி நாள்களுக்கு ஒரு புதிய இடம் மெல்ல உருவாகி வருவதைச் சமீப வருடங்களில் பார்க்கிறேன். அது நூலகம். குரூப் 4, குரூப் 2, போலீஸ் தேர்வு என்று படிப்பு முடித்த பிள்ளைகள் வேலைக்குக் காத்திருக்கும் வருடங்கள் நீண்டுகொண்டே போகின்றன. நகரத்தில் வாடகை அறைக்குள் கழியும் அதே இடைக்காலம் இங்கே நூலக மேசையில் கழிகிறது. இருபத்துநாலு, இருபத்தேழு வயது ஆண்களும் பெண்களும் ஒரே மேசையைச் சுற்றி, காலையிலிருந்து மாலைவரை. காரணம் அசைக்க முடியாதது: பரீட்சை. கேள்வி கேட்கும் வீடே மதியச் சோறும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறது. அங்கே கிளாஸ் காலியாவதில்லை.

அந்த மேசையை வைத்து யாராவது எழுத வேண்டும். எனக்கு முதல் காட்சி தெரிகிறது. காலை எட்டரை. நூலகம் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. வாசல் படிக்கட்டில் ஆறு பைகள் வரிசையாக இருக்கின்றன. ஆண்கள் எதிரில் டீக்கடைப் பக்கம் நிற்கிறார்கள், பெண்கள் வேப்பமரத்தடியில். சைக்கிளில் ஒருவன் தாமதமாக வருகிறான். அன்றைக்கு அவனுக்கு இடம் கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். அவன் படிக்கட்டைப் பார்க்கிறான். ஐந்து பைகள் ஒட்டி இருக்கின்றன. ஆறாவது பைக்கு முன்னால் ஒரு பை அளவு இடம் விட்டு, அதில் ஒரு தண்ணீர் பாட்டில் வைக்கப்பட்டிருக்கிறது.